வீடு திரும்பும் வீரர்: தென்காசியிலிருந்து ஒரு காப்பிய நோக்கு

ஆனியும் ஆடியும் வந்துவிட்டால் தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாயின் வழியே நுழைந்து, குற்றாலத்தின் மீது சாரலாய்ப் பொழிகிறது. மலையில் விழுந்த நீர் அருவியாகிச் சிற்றாறாகித் தென்காசியைக் கடந்து பொருநையில் கலக்கிறது. நீர் இறங்கிவரும் இம்மலைப் பகுதியிலேயே மனிதர் ஏறிச் செல்லும் வழியும் இருக்கிறது. பாண்டி நாட்டுக்கும் மலையாள நாட்டுக்கும் இடையே வணிகரும் படைஞரும் துறவியரும் காலங்காலமாக நடந்த பாதை அது. ஆகவே, பயணம் பற்றிய காப்பியச் சிந்தனைக்குத் தென்காசி பொருத்தமற்ற ஊரன்று.

நம் கல்லூரிகளில் ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவர்கள் கிரேக்கப் பெருங்கவி ஹோமரின் இலியட், ஒடிஸி ஆகிய காப்பியங்களை அறிந்திருக்கிறார்கள். அறியட்டும், அறிவு எங்கிருந்தாலும் அது நம் உடைமையே. ஆனால், ஒடிஸியஸின் அலைவுகளைச் சொல்லத் தெரிந்த தென்காசி மாணவர், தம் ஊரை ஆண்ட மன்னர் ஒருவர் அதனையொத்த கதையைத் தமிழில் பாடினார் என்பதையும், பக்கத்துச் சீமையான எட்டயபுரத்தில் வாழ்ந்த உமறுப்புலவர் முற்றிலும் வேறான ஒரு பயணத்தைக் காப்பியமாக்கினார் என்பதையும் அறியாதிருப்பது வருந்தத்தக்கது. இம்மூன்றையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஒன்று மற்றொன்றிலிருந்து பிறந்தது என்று நாம் வாதிட வரவில்லை.

கி.மு. 8ஆம் நூற்றாண்டை ஒட்டி உருப்பெற்றனவாகக் கருதப்படும் ஹோமரின் காப்பியங்கள் இரண்டும் இருபத்து நான்கு பகுதிகளாக அமைந்தவை. இலியட், பத்தாண்டு நீடித்த திராய்ப் போரின் இறுதியாண்டில் சில வாரங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அக்கிலீஸ் என்னும் மாவீரனின் சினத்தைப் பாடுகிறது. ஒடிஸி, அப்போருக்குப் பின் ஒடிஸியஸ் தன் தீவாகிய இத்தாக்காவுக்குத் திரும்பப் பட்ட பத்தாண்டுத் துன்பத்தைப் பாடுகிறது. கிரேக்கர் வீரனுக்கு இரண்டு பேறுகளைக் கண்டனர். ஒன்று, அழியாப் புகழ். மற்றொன்று, வீடு திரும்புதல். அக்கிலீஸ் முன்னதைத் தேர்ந்து இளமையில் இறக்கிறான். ஒடிஸியஸ் பின்னதற்காக, கலிப்ஸோ என்னும் தேவமகள் தருவதாகச் சொன்ன சாவாமையையும் மறுக்கிறான்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். கிரேக்க அறிவையெல்லாம் அரபு மொழிக்குக் கொணர்ந்த அப்பாஸிய காலத்து அறிஞர்கள் ஹோமரை ஏன் விட்டுவிட்டனர்? அரிஸ்டாட்டிலின் கவிதையியல் 10ஆம் நூற்றாண்டிலேயே அரபு வடிவம் பெற்றது; இப்னு ஸீனாவும் இப்னு ருஷ்தும் அதற்கு விளக்கம் எழுதினர். ஹோமரின் பெயரும் அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. எனினும், இலியட் முழுமையாக அரபுச் செய்யுளாகி 1904இல் கெய்ரோவில் வெளிவரும்வரை அரபுலகம் காத்திருக்க நேர்ந்தது. அதனை ஆக்கியவர் லெபனானைச் சேர்ந்த ஸுலைமான் அல்-புஸ்தானீ. கவிதையை மொழிபெயர்த்தால் அதன் யாப்பும் வியப்பும் சிதைந்துபோகும் என்று அல்-ஜாஹிழ் 9ஆம் நூற்றாண்டிலேயே கருதியதை இங்கு நினைவுகூரலாம். பல தெய்வங்கள் போர்க்களத்தில் இறங்கிப் பூசலிடும் கதைகள் அம்மக்களின் உள்ளத்துக்கு ஒவ்வாமற் போயிருக்கும் என்பதும் எளிதில் உணரத்தக்கதே.

இனித் தென்காசிக்கு வருவோம். 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்காசியைத் தலைநகராகக் கொண்டு ஆண்டவர் அதிவீரராம பாண்டியர். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக ஓதிய வெற்றிவேற்கையின் ஆசிரியர் இவரே. நளன் கதையை இவர் நைடதம் என்னும் காப்பியமாகப் பாடினார். அந்நூல் புலவர்க்கு மருந்து என்று வழங்கும் பழமொழி, கற்றோர் அவையில் அது பெற்றிருந்த மதிப்பைக் காட்டும்.

நளன் சூதில் நாட்டை இழக்கிறான். கானகத்தில் மனைவியைப் பிரிகிறான். கார்க்கோடகன் தீண்டி உருமாறுகிறான். வாகுகன் என்னும் பெயரில் அயோத்தி மன்னனுக்குத் தேரோட்டியாகிறான். ஒடிஸியஸும் உருமாறி, கந்தல் உடுத்த இரவலனாகவே தன் வீட்டுக்குள் நுழைகிறான். இரு கதைகளிலும் கணவனை வெளிக்கொணரும் சூழ்ச்சி மனைவியுடையதே. தமயந்தி இரண்டாம் சுயம்வரம் என்று செய்தி விடுத்து நளனை வரவழைக்கிறாள்; அவன் சமைத்த உணவின் சுவையைக் கொண்டு ஐயம் தெளிகிறாள். பெனலோப்பி, மாமனாருக்கான பிணப்போர்வையைப் பகலில் நெய்து இரவில் பிரித்து, தன்னை மணக்கத் துடித்தவர்களை மூன்றாண்டுகள் ஏமாற்றுகிறாள். கணவன் எதிரே நின்றபோதும், அவன் கையால் செய்த கட்டிலைப் பற்றிய மறைபொருளைக் கேட்டறிந்த பின்னரே அவனை ஏற்கிறாள்.

ஆனால், வீடு திரும்பிய வீரன் பகைவரை என்ன செய்கிறான் என்பதில் இவ்விரு கதைகளும் வேறுபடுகின்றன. ஒடிஸியஸ் தன் மனையில் குடியேறியிருந்த 108 பேரையும் கதவடைத்துக் கொல்கிறான். அவர்களோடு உறவாடிய பணிப்பெண்கள் தூக்கிலிடப்படுகிறார்கள். நளனோ, நாட்டைக் கவர்ந்த புட்கரனை மீண்டும் சூதிலேயே வென்று, பின் மன்னித்து விடுகிறான். அம்பு செய்த வேலையை அங்கே பொறுமை செய்கிறது. நம் மண்ணின் காப்பிய உள்ளம் எதனை வீரமாகக் கொண்டது என்பதற்கு இது ஒரு சான்று.

இப்பின்னணியில் சீறாப்புராணத்தை அணுகுவோம். 17ஆம் நூற்றாண்டில் கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் ஆதரவில் தொடங்கி, பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயரின் ஆதரவில் வளர்ந்த நூல் அது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களைக் கொண்டது. 1842இல் ஷெய்கப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் என்னும் சேகனாப் புலவர் ஏடுகளைத் தேடித் திரட்டி அதனை அச்சேற்றினார். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என்று மூன்று காண்டங்கள் அதற்கு உண்டு. மூன்றாம் காண்டத்தின் பெயரே நம் ஆய்வுக்குத் திறவுகோல். ஹிஜ்றத் என்பது திரும்புதலன்று; நீங்குதல்.

கி.பி. 622இல் அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிறந்த ஊரைத் துறந்தார்கள். அங்கே பகைவர் கொலைச் சூழ்ச்சி செய்தனர். வழியில் தௌர் குகை புகலிடமாயிற்று. துரத்தி வந்த சுராக்காவின் குதிரைக் கால்கள் மணலில் புதைந்தன. புயலும் அரக்கரும் நிறைந்த கிரேக்கப் பயணத்துக்குக் குறையாத இடர்கள் இங்கும் உண்டு. எனினும், ஒடிஸியஸை ஈர்த்தது அவனுடைய மனை; நபிகளாரைச் செலுத்தியது இறைவன் ஒப்படைத்த பணி. பயணத்தின் முடிவில் ஒடிஸியஸ் தன் குடும்பத்தை அடைந்தான். நபிகளார் அடைந்ததோ, குருதி உறவற்ற முஹாஜிர்களையும் அன்ஸாரிகளையும் உடன்பிறந்தாராக்கிய ஒரு புதிய சமுதாயத்தை.

எட்டாண்டுகள் கழித்து, கி.பி. 630இல் மக்கா பணிந்தது. பிறந்த மண்ணுக்கு வெற்றியோடு திரும்பிய அந்நாளில், தம்மையும் தோழர்களையும் வதைத்தவர்களுக்குப் பொது மன்னிப்பு வழங்கினார்கள் அண்ணலார். அதனினும் எண்ணத்தக்கது அதன்பின் நிகழ்ந்தது. ஊரை மீட்டபின் ஊரிலேயே தங்கிவிடுவார்களோ என்று அன்ஸாரிகள் கலங்கியபோது, தம் வாழ்வும் இறப்பும் அவர்களோடுதான் என்று கூறி மதீனாவுக்கே மீண்டார்கள். புகலிடம் தந்த மண்ணே வீடாயிற்று. உமறுவின் நூல் உறனிக் கூட்டத்தார் படலத்தோடு நின்றுவிடுவதால் இந்நிகழ்ச்சிகளை அவர் பாட இயலவில்லை. பிற்காலத்தில் பனீ அகுமது மரைக்காயர் சின்னச் சீறா பாடி வரலாற்றைத் தொடர்ந்தார். ஆயினும், நீங்குதலின் பெயரைத் தாங்கிய காண்டத்திலேயே நம் பெருங்காப்பியம் நின்றுவிட்டது என்பது நம் சிந்தனையைத் தூண்டவே செய்கிறது.

சீறாவின் நாட்டுப் படலத்தைப் படிப்பவர் வியப்படைவர். அரபு நாட்டு மலைகளில் மேகம் கவிகிறது. வெள்ளம் குறிஞ்சியில் பிறந்து வயல்களில் பாய்கிறது. உழவர் நாற்று நடுகின்றனர். அரபகம் அறியாத புலவரின் பிழை என்று இதனைக் கருதுதல் தவறு. ஐந்திணை மரபில் ஊறிய செவிக்கு அண்ணலாரின் மண் அந்நியமாகக் கேட்கலாகாது என்பதே புலவரின் கருத்து. குற்றாலத்தில் மழை இறங்கி ஆறாகும் காட்சியைக் கண்டவர் எவரும் அப்பாடல்களை எளிதில் உணர்வர். கரிசல் நிலத்துப் புலவரும் அருவி நிலத்து வாசகரும் அங்கே சந்திக்கின்றனர்.

இதே அருவி நிலம் ஒரு மெய்ஞ்ஞானப் பயணியையும் தந்தது. தக்கலை பீர் முகம்மது அப்பா (ரஹ்) அவர்கள் தென்காசியில் பிறந்தவர்கள் என்பது வழிவழி வரலாறு. அவர்கள் மலையேறித் தவமிருந்த இடம் இன்று பீர்மேடு என்று வழங்குகிறது. பின்னர்த் தக்கலையில் நெசவு செய்து வாழ்ந்து அங்கேயே அடங்கினார்கள். குற்றாலத்துக்கு மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய குறவஞ்சியை அறியாதவர் இலர். ஊர் ஊராய்த் திரியும் குறத்தியின் வாய்மொழியாக அமையும் அவ்விலக்கிய வகையை, சிங்கனும் சிங்கியும் ஞான வினாவிடை பேசும் ஞானரத்தினக் குறவஞ்சியாக்கிப் பாடியவர் பீரப்பா. கிரேக்க விழாக்களில் ஹோமரின் பாடல்கள் கூட்டத்தார் முன் ஓதப்பட்டதாக அறிகிறோம். தக்கலையில் ஆண்டுதோறும் மக்கள் கூடி அமர்ந்து ஞானப்புகழ்ச்சியை இரவெல்லாம் ஓதும் வழக்கம் உயிரோடிருக்கிறது. ஏட்டை மட்டும் நம்பாத காப்பியப் பண்பு அது.

மற்றொரு பயணத்தையும் சொல்லாமல் முடித்தல் முறையன்று. தென்காசியிலிருந்தும் கைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்ற கடையநல்லூரிலிருந்தும் முஸ்லிம் குடும்பங்கள் கடல்கடந்து சிங்கப்பூரில் குடியேறின. ஆண்கள் தனியே சென்று பணம் அனுப்பிய காலத்தில், இவ்வூர்களிலிருந்து பெண்களும் உடன் சென்றனர். அவர்கள் பெனலோப்பியைப் போலக் கரையில் காத்திருக்கவில்லை. மசாலா அரைத்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கினர். 1941இல் தோன்றிய சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக், போரின் அழிவு ஆறுமுன்னரே, 1946இல் ஒரு தமிழ்ப் பள்ளியை நிறுவியது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் உமறுப்புலவர். 1960இல் உயர்நிலைப் பள்ளியாகி, மாணவர் குறைந்தமையால் 1982இல் அது மூடப்பட்டது. எனினும், அடுத்த ஆண்டே அரசு தோற்றுவித்த தமிழ்மொழி நிலையம் அப்பெயரை ஏற்றுக்கொண்டது.

உழைத்துக் களைத்த அம்மக்களில் எத்தனை பேர் சீறாவை முழுமையாகப் படித்திருப்பர் என்று நாம் கேட்கவேண்டியதில்லை. ஊரை நீங்கியவர்கள், நீங்குதலைப் பாடிய புலவரின் பெயரைத் தம் பிள்ளைகள் பயிலும் வாயிலில் பொறித்தார்கள். சென்ற இடத்தையே வீடாக்கிக்கொள்வது எப்படி என்பதை அவர்கள் தம் வாழ்வால் அறிந்திருந்தார்கள்.

இன்று தென்காசி ஒரு மாவட்டத்தின் தலைநகர். இங்கிருந்து வளைகுடாவுக்கும் பிற நாடுகளுக்கும் செல்லும் இளைஞர் ஏராளம். அவர்கள் ஹோமரைப் படிக்கட்டும். அதனோடு, பகைவனை மன்னித்த நளனையும், பிறந்த ஊரை வென்றபின்னும் புகல் தந்த ஊருக்கே மீண்ட அண்ணலாரையும் பாடிய தம் மொழியின் நூல்களையும் கையிலெடுத்துச் செல்லட்டும். சீறாப்புராணத்தை நம் மதரஸாக்களிலும் இல்லங்களிலும் மாதம் ஒரு படலமாயினும் ஓதிப் பொருள் சொல்லும் வழக்கத்தை மீட்டெடுப்பது, செல்லும் பிள்ளைகளுக்கு நாம் கட்டித்தரக்கூடிய நல்ல கட்டுச்சோறாகும்.