மதிலும் வழியும்: மருத்துவமனைத் தனிமைப்படுத்தல் குறித்து ஒரு மறுபார்வை

செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் ஒரே மதில் வளைத்துச் செல்கிறது. ராஜகிரி உச்சியை அடையப் பாறைப் பிளவின் மேல் போட்ட பாலம் ஒன்றே வழி. அதை எடுத்துவிட்டால் மேலே இருப்பவரை எவரும் நெருங்க இயலாது. 1750 முதல் 1761 வரை இக்கோட்டை பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. எப்போதும் 100 ஐரோப்பியர் அளவிலேயே இருந்த காவற்படையில் பத்தாண்டுகளில் 1,200 பேரை அவர்கள் இழந்ததாக வரலாற்றாசிரியர் ராபர்ட் ஆர்ம் குறிக்கிறார்; இடத்தின் நோய்ச்சூழலே காரணம் என்கிறார். பகைவரை மறித்த மதில் நோயை மறிக்கவில்லை.

மருத்துவமனைத் தனிமைப்படுத்தலையும் இந்த அளவுகோலால் அளக்கலாம். தடுப்பு எவ்வளவு கனமானது என்பதைவிட, நோய் வரும் வழியையும் வேளையையும் அது மறிக்கிறதா என்பதே முக்கியம் என இக்கட்டுரை வாதிடுகிறது.

முதலில் வழி. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1996இல் வகுத்த நெறிமுறை, எல்லா நோயாளிகளுக்கும் பொதுவான முன்னெச்சரிக்கைகளோடு, தொடுகை, நீர்த்திவலை, காற்று என்னும் பரவல் வழிகளுக்குத் தனித்தனிக் காப்புகளை விதித்தது. தட்டம்மைக் கிருமி நோயாளி அறையைவிட்டுப் போன பின்னும் இரண்டு மணி நேரம் வரை காற்றில் நிற்கும். அங்கே கையுறை மட்டும் உதவாது. வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் கிருமியின் வித்துகளை ஆல்கஹால் கொல்லாது. சோப்பும் தண்ணீரும் கொண்டு தேய்த்துக் கழுவ வேண்டும்.

அடுத்தது வேளை. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவது நம் வழக்கம். ஆனால் சின்னம்மை, கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடுகிறது. காசநோயில் இதே உண்மையைச் சென்னையில் நடந்த ஓர் ஆய்வு வெளிக்கொணர்ந்தது. அங்கு 1956இல் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், 193 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கலுக்கு நிகரான முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்திலும் மற்றவருக்கு வீட்டிலும் ஓராண்டு மருந்து கொடுத்தது. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவில்லை என்பதை ஐந்தாண்டுத் தொடர் கண்காணிப்பு உறுதிசெய்தது. தொற்றியதில் பெரும்பகுதி, நோய் கண்டறியப்படும் முன்பே தொற்றியிருந்தது. மருந்து தொடங்கியதும் பரவல் விரைவில் தணிந்தது.

அப்படியானால் தனியறையே வேண்டாமா? இம்முடிவை வார்டுக்கு அப்படியே பொருத்துவது பிழை. வீட்டார் நோயாளியோடு ஏற்கெனவே வாழ்ந்தவர்கள். பக்கத்துப் படுக்கையில் இருக்கும் சர்க்கரை நோயாளி அப்படியல்லர். மருந்துக்கு அடங்காத காசநோயில் பரவலும் எளிதில் தணியாது.

ஆகவே முதல் காப்பு ஓ.பி. சீட்டு எழுதும் இடத்திலேயே தொடங்க வேண்டும். “எத்தனை நாளா இருமல்?” என்று கேட்டு, இரண்டு வாரம் கடந்தவருக்கு முகக்கவசம் கொடுத்து, காற்றோட்டமான இடத்தில் தனியே உட்காரவைத்து, மருத்துவரிடம் முதலில் அனுப்பினால் போதும். அக்கேள்வி எழாத இடத்தில், வரிசையில் நின்றவர்கள் தொற்றை வாங்கிக்கொண்ட பிறகே தனியறை திறக்கிறது.