எல்லாருக்கும் இடம் வைத்த மல்லிகை

1966 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்திலிருந்து 'மல்லிகை' மாத இதழை டொமினிக் ஜீவா தொடங்கியபோது, அதற்கு அலுவலகமாக இருந்தது கஸ்தூரியார் வீதியில் அவர் தொழில் செய்துவந்த முடிதிருத்தகம். சாதி இழிவு தாங்காமல் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர் அவர். 'தண்ணீரும் கண்ணீரும்' தொகுப்புக்காக இலங்கை சாகித்திய மண்டலப் பரிசை ஏற்கெனவே பெற்றிருந்தார். ஆனால் பரிசு கிடைத்ததால் வாசல் திறந்துவிடவில்லை. ஒடுக்கப்பட்டோர் வாழ்வைப் பேச்சுத் தமிழில் எழுதினால் அது 'இழிசனர்' எழுத்து என்று மரபுவாதப் பண்டிதர்கள் தள்ளிவைத்த காலம் அது. யார் எழுதலாம், எந்தத் தமிழில் எழுதலாம் என்ற அந்தச் சண்டை ஓய்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஆகவே, புதியவர்களுக்கும் பக்கம் கொடுப்பது என்று மல்லிகை எடுத்த முடிவை வெறும் பெருந்தன்மையாகப் பார்க்க முடியாது. அது ஓர் இலக்கிய நிலைப்பாடு. இதழ் நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் நிலைத்ததற்கு அதுவே முதல் காரணம் என்பேன்.

பக்கங்களைப் புரட்டினால் இது விளங்கும். பேர்பெற்ற விமர்சகரின் கட்டுரைக்குப் பக்கத்திலேயே முதல் கதை எழுதியவரின் பெயர் இருக்கும். மலையகத்துத் தெளிவத்தை ஜோசப்பும் தென்கோடி முஸ்லிம் ஊரிலிருந்து வந்த திக்குவல்லை கமாலும் அதில் எழுதினார்கள். சிங்களக் கதைகள் தமிழாகி வந்தன. அட்டையில் நடிகர் படம் கிடையாது. எழுத்தாளர், கலைஞர் முகங்களே இடம்பெற்றன, சிங்களப் படைப்பாளிகளும் அவர்களில் உண்டு. பெட்டிக்கடையில் தொங்கும் இதழில் தன் ஊர்க்காரரின் முகத்தைப் பார்க்கும் வாசகருக்கு, எழுதுவது தன்னைப் போன்றவர்களுக்கும் உரியது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 'தூண்டில்' பகுதியில் வாசகர் கேள்விகளுக்கு ஜீவாவே பதில் எழுதினார்.

இப்படிக் கதவைத் திறந்துவிட்டால் தரம் என்னாகும் என்ற கேள்வி நியாயமானது. தரத்தையே முன்னிறுத்திய சி.சு. செல்லப்பாவின் 'எழுத்து' சிற்றிதழ் 1959 முதல் 119 இதழ்களே வந்தது. ஆனால் தமிழ்ப் புதுக்கவிதையின் போக்கையே மாற்றியது. மல்லிகையில் சாதாரணமான கதைகளும் கவிதைகளும் நிறையவே உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 'எழுத்து' செய்தது ஒரு வடிவத்துக்கான வேலை. மல்லிகையோ எழுதுவோரையே உருவாக்க வேண்டியிருந்தது. பயில இடமில்லாத சமூகத்திடம் முதிர்ந்த படைப்பை மட்டும் கொண்டுவா என்றால், பழைய வாயிற்காவலை வேறு பெயரில் தொடர்வதாகிவிடும். 1970களில் இந்திய இதழ்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டதால்தான் ஈழத்து இதழ்கள் பிழைத்தன என்றும் சொல்வார்கள். கட்டுப்பாடு உதவியது உண்மைதான். ஆனால் 1977க்குப் பின் சந்தை திறந்தது; தமிழக வார இதழ்கள் மீண்டும் குவிந்தன. மல்லிகை நிற்கவில்லை. போரும் தாள் தட்டுப்பாடும் வந்தபோதும், 1990களில் கொழும்புக்கு இடம்பெயர்ந்தபோதும் அது தொடர்ந்தது. இடதுசாரிச் சார்பு உள்ள இதழ் என்ற குறை இன்னொன்று. சார்பை ஜீவா ஒருநாளும் மறைத்ததில்லை. மாற்றுக் கருத்துக்காரர்களின் எழுத்தையும் அவர் வெளியிட்டார்.

2012இல் மல்லிகை நின்றபோது 400க்கும் மேற்பட்ட இதழ்கள் வந்திருந்தன. ஜீவா 2021 ஜனவரியில் காலமானார். மல்லிகையின் பழைய இதழ்களை நூலகம் நிறுவனத்தின் இணைய ஆவணகத்தில் இலவசமாகப் படிக்கலாம். ஊருக்கு ஓர் இதழ் தொடங்க எண்ணுபவர்கள் முதலில் அவற்றில் ஒரு பத்தையாவது வாசியுங்கள்.