காலி ஊருக்குக் குடி வந்தவர்கள்

மாற்றலாகி வந்து நாங்கள் வாடகைக்கு இருக்கும் மெக்லியாட் கஞ்ச், இமாசலத்தில் தர்மசாலாவுக்கு மேலே இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் வளர்த்த ஊர். 1905 ஏப்ரல் 4-ல் காங்க்ரா பூகம்பம் சுமார் 20,000 பேரைக் கொண்டுபோனது. அலுவலகங்கள் கீழே இறங்கிவிட்டன. 1947-க்குப் பின் மிச்சம் இருந்தவர்களும் கிளம்ப, நின்றது காலி பங்களாக்களும் நவ்ரோஜி என்ற பார்சி குடும்பத்தின் கடையும்தான்.

திபெத்தியர்களை இங்கே குடிவைக்கலாமே என்று அரசாங்கத்திடம் சொன்னவர் அந்தக் கடைக்காரர். (வியாபாரம் நடக்க ஊரில் ஆள் வேண்டாமா என்கிறது என் பி.காம். புத்தி!) முசூரியில் தங்கியிருந்த தலாய் லாமா, 1960 ஏப்ரலில் வந்து சேர்ந்தார். கொஞ்ச நாளில் திரும்பிவிடலாம் என்றுதான் பலரும் நினைத்தார்களாம்.

மாடி வீட்டு அம்மா இங்கேயே பிறந்தவர். சொந்த ஊர் கேட்டால் லாசா என்கிறார். பார்த்ததில்லை. என் பையன் தஞ்சாவூர் என்பான். இரண்டு தடவை போயிருக்கிறான்.