ஹனௌமா விரிகுடா: ஒரு டாலருக்குக் கைமாறிய கடற்கரையின் கதை

முகத்தில் ஒரு கண்ணாடி, வாயில் ஒரு வளைந்த குழாய், காலில் ரப்பர் துடுப்பு. இவை மூன்றும் இருந்தால் நீந்தத் தெரிந்த எவரும் கடலுக்கு அடியில் இருக்கும் உலகத்தை மேலே மிதந்தபடியே பார்க்கலாம். இதற்குத்தான் ஸ்நோர்கெலிங் என்று பெயர். ஸ்கூபா போல முதுகில் காற்று உருளை சுமக்க வேண்டியதில்லை, பெரிய பயிற்சியும் தேவையில்லை. ஆனால் அலை அடங்கிய, ஆழம் குறைந்த கடல் வேண்டும். அதில் பார்ப்பதற்குப் பவளப்பாறையும் மீனும் வேண்டும். இவை எல்லாம் ஒன்றாக அமைந்த இடங்களில் உலகப் புகழ் பெற்றது ஹவாய் மாநிலத்தின் ஓவாஹு தீவில் உள்ள ஹனௌமா விரிகுடா. அந்தப் புகழே அதற்கு எப்படி வினையானது, பிறகு அது எப்படி மீண்டது என்பதே இந்தக் கட்டுரை.

எரிமலை கட்டிய குளம்

ஹனௌமா உண்மையில் ஓர் எரிமலை வாய். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஓவாஹுவின் தென்கிழக்கு முனையில் எரிமலைக் குழம்பு கடல்நீருடன் மோதி வெடித்தது. அதில் பறந்த சாம்பல் வட்டமாகக் குவிந்து இறுகி, ஒரு மதில் போல நின்றது. காலப்போக்கில் கடல் அந்த மதிலின் ஒரு பக்கத்தை அரித்து உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்தது. மூன்று பக்கமும் குன்று, ஒரு பக்கம் மட்டும் கடல் வாசல் என்று குதிரை லாட வடிவில் விரிகுடா உருவானது.

உள்ளே புகுந்த நீரில் பவளங்கள் வளர்ந்தன. பவளம் என்பது பாறை போலத் தெரிந்தாலும் உயிருள்ள சிறு பிராணிகளின் கூட்டம். அவை சுண்ணாம்பை வெளியிட்டுத் தங்கள் வீட்டைத் தாங்களே கட்டிக்கொள்கின்றன. அப்படி எழுந்த பாறைத்திட்டு கரைக்குச் சற்றுத் தள்ளி நின்று அலைகளைத் தடுத்துவிடுகிறது. அதனால்தான் கரையோரம் குளம் போல அமைதியாக இருக்கிறது. அங்குள்ள வெண்மணலில் கிளிமீன்களுக்கும் பங்கு உண்டு. அவை பாசிக்காகப் பாறையைக் கொறித்து, அரைத்த சுண்ணாம்பை மணலாகக் கழிக்கின்றன!

அரச குடும்பத்திலிருந்து மக்களுக்கு

ஹவாய் மொழியில் 'ஹனா' என்றால் விரிகுடா. 'உமா' என்பதற்கு வளைவு என்றும், கையோடு கை கோத்து மல்லுக்கட்டும் விளையாட்டு என்றும் இரு விளக்கங்கள் தரப்படுகின்றன. ஹவாய் அரச குடும்பத்தினர் இங்கே மீன் பிடிக்கவும் ஓய்வெடுக்கவும் வந்தார்கள். முதலாம் கமேஹமேஹா மன்னரின் மனைவி காஅஹுமானு இங்கே தங்கி ஆடல்களையும் விளையாட்டுகளையும் கண்டு களித்ததாகச் சொல்லப்படுகிறது.

பின்னர் இந்த நிலம் அதே அரச வழியில் வந்த பெர்னீஸ் பவாஹி பிஷப் அம்மையாரின் சொத்துகளில் ஒன்றானது. அவர் 1884 இல் மறைந்தார். அவர் சொத்துகளை நிர்வகித்த அறக்கட்டளை, 1928 இல் ஹனௌமாவை ஹொனலுலு நகர நிர்வாகத்துக்கு விற்றது. விலை ஒரே ஒரு டாலர்! பொதுமக்களுக்கான பூங்காவாக அது இருக்க வேண்டும் என்பதே நோக்கம்.

இரண்டாம் உலகப் போரின்போது இந்தக் கடற்கரையில் முள்வேலி போடப்பட்டது. 1950களில் ஹவாயை அமெரிக்கப் பெருநிலத்துடன் இணைக்கும் தொலைபேசிக் கம்பிவடத்துக்கு வழிவிடப் பவளப்பாறையின் ஒரு பகுதி வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. 1961 இல் எல்விஸ் பிரெஸ்லி நடித்த 'புளூ ஹவாய்' படம் வெளிவந்தது. அதன் காட்சிகள் சில எடுக்கப்பட்ட இடம் என்பதால் ஹனௌமாவின் பெயர் எங்கும் பரவியது.

அன்பே வினையான காலம்

1967 இல் ஹவாய் அரசு இந்த விரிகுடாவைக் கடல்வாழ் உயிரினப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. மாநிலத்திலேயே முதன்முதலில் இந்தத் தகுதியைப் பெற்றது ஹனௌமாதான். மீன் பிடிக்கத் தடை வந்தது. மீன்கள் பெருகின, மனிதனைக் கண்டு அஞ்சாமல் அருகில் வந்தன. அதைப் பார்க்க மனிதர்களும் பெருகினார்கள். தூண்டிலைத் தடுத்த சட்டம் கூட்டத்தைத் தடுக்கவில்லை.

1980களில் ஒரே நாளில் பத்தாயிரம் பேர் வரை இந்தச் சிறு கடற்கரையில் குவிந்தார்கள். கால் படும் இடமெல்லாம் பவளம் நொறுங்கியது. பல ஆண்டுகள் வளர்ந்த ஒரு பவளக் கிளையை ஒடிக்க ஒரு மிதி போதும். உடலில் பூசிய களிம்பு நீரின் மேல் எண்ணெய்ப் படலமாக மிதந்தது. மீன்களுக்கு ரொட்டியும் பட்டாணியும் போடுவது வழக்கமாகிவிட்டதால், முரட்டு மீன்கள் பெருகி மற்றவற்றை விரட்டின. வந்தவர்கள் யாரும் அழிக்க வந்தவர்கள் அல்லர். எல்லோரும் ரசிக்க வந்தவர்கள்தான். சோகமே அதுதான்.

மீட்பு

1990 இல் நகர நிர்வாகம் விழித்துக்கொண்டது. வாகனங்களுக்குக் கட்டுப்பாடு வந்தது. அதே ஆண்டில் 'ஹனௌமா விரிகுடாவின் நண்பர்கள்' என்ற தன்னார்வ அமைப்பும் தோன்றியது. அடுத்தடுத்து நுழைவுக் கட்டணம், வாரத்தில் விடுமுறை நாள் ஆகியவை வந்தன. 1999 இல் மீன்களுக்கு உணவிடுவது முற்றிலும் நின்றது. 2002 இல் கல்வி மையம் திறக்கப்பட்டது. பவளத்தின் மேல் நிற்காதீர்கள், ஆமையைத் தொடாதீர்கள் என்று சொல்லும் குறும்படத்தைப் பார்த்த பிறகே கடலில் இறங்க முடியும் என்ற விதி வந்தது. அமைதியான நீரும் ஆளைக் கொல்லும் என்ற எச்சரிக்கையும் அங்கே தரப்படுகிறது. ஹவாய்க் கடலில் உயிரிழக்கும் சுற்றுலாப் பயணிகளில் ஸ்நோர்கெலிங் செய்தவர்களே அதிகம்.

யாரும் திட்டமிடாத ஒரு சோதனை 2020 இல் நடந்தது. கொரோனாவால் மார்ச் மாதம் மூடப்பட்ட விரிகுடா டிசம்பரில்தான் திறந்தது. அந்த மாதங்களில் நீர் தெளிந்தது. அழிவின் விளிம்பில் உள்ள ஹவாய்த் துறவிச் சீல்கள் முன்பைவிட அதிகமாகத் தென்பட்டன. மனிதக் கூட்டத்தின் பாரம் எவ்வளவு என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. மீண்டும் திறந்தபோது தினசரி எண்ணிக்கை கடுமையாகக் குறைக்கப்பட்டது. 2021 இல் இணைய முன்பதிவு முறையும், வெளியூர்க்காரர்களுக்கு 25 டாலர் கட்டணமும் நடைமுறைக்கு வந்தன. உள்ளூர் மக்களுக்குக் கட்டணம் இல்லை. அதே ஆண்டு தொடக்கத்தில், பவளத்துக்குக் கேடு செய்யும் இரண்டு ரசாயனங்கள் கலந்த வெயில் களிம்புகளின் விற்பனைக்கு மாநிலம் முழுவதும் தடை வந்தது.

எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. கடல் சூடானதால் 2014, 2015 ஆண்டுகளில் ஹவாய்ப் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. ஹனௌமாவும் தப்பவில்லை. கடல் வெப்பத்தைத் தடுக்க நுழைவாயிலில் காவலாளியை நிறுத்த முடியாது.

எல்லோருக்கும் என்று ஒரு டாலருக்குத் தரப்பட்ட இடத்துக்கு இன்று கதவும் கட்டணமும் இருப்பது முரண்பாடாகத் தோன்றலாம். ஆனால் அந்த 'எல்லோருக்கும்' என்ற சொல்லில் இனி பிறக்கப் போகிறவர்களும் அடங்குவார்கள். அவர்கள் முகக்கண்ணாடியை மாட்டிக் குனிந்து பார்க்கும்போது கீழே மீன்கள் இருக்க வேண்டுமானால், இன்று சிலர் வாசலில் காத்திருக்கத்தான் வேண்டும்.