ஆட்டத் திக்கல் (ஃபால்அவுட்: நியூ வேகஸ்)

ஃபால்அவுட்: நியூ வேகஸ் என்பது அப்சிடியன் என்டர்டெயின்மென்ட் நிறுவனம் உருவாக்கி, பெதெஸ்டா சாஃப்ட்வொர்க்ஸ் நிறுவனம் 2010 அக்டோபரில் வெளியிட்ட கணினி விளையாட்டு ஆகும். அணு ஆயுதப் போருக்குப் பிந்தைய 2281 ஆம் ஆண்டில், ஐக்கிய அமெரிக்காவின் மொகாவி பாலைவனத்தில் இதன் கதை நிகழ்கிறது. இதன் விண்டோஸ் பதிப்பில் காட்சி சீராக நகராமல் நொடிக்குச் சில முறை உதறுவது ஆட்டத் திக்கல் எனப்படுகிறது. விளையாட்டு வெளியான காலத்தில் இருந்தவற்றைவிடப் பன்மடங்கு ஆற்றல் வாய்ந்த இன்றைய கணினிகளிலும் இத்திக்கல் தொடர்கிறது. புதிய வரைகலை அட்டையைப் பொருத்துவதால் இது நீங்குவதில்லை. ஏனெனில் முதன்மையான குறை வன்பொருளின் வலுவில் இல்லை. விளையாட்டு நேரத்தை அளக்கும் முறையில் உள்ளது.

நேர அளவீட்டுப் பிழை

கணினி விளையாட்டில் அசைவு என்பது அடுத்தடுத்து வரையப்படும் படச் சட்டகங்களின் தொடர் ஆகும். ஒவ்வொரு சட்டகத்தை வரையும் முன்னும், முந்தைய சட்டகத்திற்குப் பின் எவ்வளவு நேரம் கழிந்தது என்பதை விளையாட்டு கணக்கிடுகிறது. கழிந்த நேரத்திற்கு ஏற்ற தொலைவிற்கே மாந்தரும் பொருட்களும் நகர்த்தப்படுகின்றனர்.

நியூ வேகஸ், கேம்பிரியோ என்னும் விளையாட்டுப் பொறியில் இயங்குகிறது. இது கழிந்த நேரத்தை அறிய விண்டோஸ் இயங்குதளத்தின் 'கெட் டிக் கவுண்ட்' என்னும் செயற்கூறை அழைக்கிறது. இச்செயற்கூறு விடையை மில்லிநொடிகளில் தந்தாலும், அதன் எண் ஒவ்வொரு மில்லிநொடிக்கும் மாறுவதில்லை. வழக்கமான விண்டோஸ் கணினியில் அது நொடிக்கு 64 முறை மட்டுமே, அதாவது ஏறத்தாழ 15.6 மில்லிநொடிக்கு ஒருமுறை, முன்னேறுகிறது. நொடி முள் இல்லாத கடிகாரத்தைக் கொண்டு ஓட்டப் பந்தயத்தை அளப்பதற்கு இது ஒப்பாகும்.

நொடிக்கு 60 சட்டகங்கள் காட்டும் திரையில் ஒரு சட்டகத்தின் நேரம் 16.67 மில்லிநொடி. எனவே பெரும்பாலான சட்டகங்களுக்கு இடையே கடிகாரம் ஒருமுறை துடிக்கிறது. ஆனால் 60 சட்டகங்களுக்குள் 64 துடிப்புகள் அடங்க வேண்டியிருப்பதால், 4 சட்டகங்களில் மட்டும் இரண்டு துடிப்புகள் சேர்ந்து விழுகின்றன. அந்த 4 சட்டகங்களிலும் எல்லாம் இருமடங்கு தொலைவு தாவுகிறது. மீதமுள்ள 56 சட்டகங்களில் நகர்வு சற்றே குறைவு. நொடியின் முடிவில் கூட்டுத்தொகை சரியாகவே வருவதால் விளையாட்டின் மொத்த வேகம் மாறுவதில்லை. சட்டக வீதத்தைக் காட்டும் கருவியும் மாறாமல் 60 என்றே காட்டும். கருவி சீர் என்று சொல்ல, கண் சீரில்லை என்று சொல்வதே இக்குறையின் அடையாளம்.

நொடிக்கு 144 சட்டகங்கள் காட்டும் திரைகளில் நிலைமை மேலும் மோசமாகும். சட்டகங்கள் கடிகாரத் துடிப்பைவிட விரைவாக வருவதால், 80 சட்டகங்களுக்குக் கழிந்த நேரம் சுழியம் என்றே கணக்கு வரும். மேலும், இவ்விளையாட்டில் 60 சட்டகங்களுக்கு மேல் செல்லும்போது பொருட்களின் இயற்பியல் இயக்கமும் பிறழ்கிறது.

பிற காரணங்கள்

எல்லாத் தடங்கலும் கடிகாரத்தால் வருவதன்று. திறந்த வெளியில் ஓடும்போது அரை நொடி நின்று மீண்டும் தொடர்ந்தால், அது நிலப்பரப்பின் புதிய பகுதிகள் வட்டிலிருந்து ஏற்றப்படுவதைக் குறிக்கும். உலகம் சதுரக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஆடுபவரைச் சுற்றி 5×5 என 25 கட்டங்கள் முழுமையாக ஏற்றி வைக்கப்படுகின்றன. இவ்வகைத் தடங்கலைத் திண்ம நிலை வட்டு பெருமளவு குறைக்கும். புதிய வன்பொருள் உண்மையாகவே உதவும் இடம் இதுவாகும். தொலைவுக் காட்சி தெளிவாக வேண்டும் என்று இவ்வெண்ணை 7 ஆக உயர்த்துவோர் உண்டு. அப்போது கட்டங்கள் 49 ஆகி, நினைவகத் தேவை ஏறத்தாழ இருமடங்காகிறது.

விளையாடத் தொடங்கி நெடுநேரம் கழித்தே தடங்கல் தோன்றி, முடிவில் விளையாட்டு நின்றுபோகுமாயின் நினைவகத்தை ஐயுறலாம். இது 32-பிட்டு மென்பொருள். ஆகவே கணினியில் 32 கிகாபைட்டு நினைவகம் இருப்பினும் இயல்பாக 2 கிகாபைட்டு முகவரி வெளியையே பயன்படுத்த முடியும்.

திருத்தும் முறைகள்

அதிகாரபூர்வமான இற்றைப்படுத்தல்கள் கடிகாரக் குறையை நீக்கவில்லை. இதற்கான தீர்வுகள் ஆர்வலர்களிடமிருந்தே வந்தன. முதலில் பரவலானது 'நியூ வேகஸ் ஸ்டட்டர் ரிமூவர்' என்னும் செருகுநிரல். விண்டோஸ் 10 போன்ற பிந்தைய பதிப்புகளில் அது நிலையாக இயங்காமையால், இப்போது 'நியூ வேகஸ் டிக் ஃபிக்ஸ்' என்னும் செருகுநிரலே பரிந்துரைக்கப்படுகிறது. இது நேரத்தைத் துல்லியமான கடிகாரத்திலிருந்து பெற்று விளையாட்டிற்கு அளிக்கிறது. உயர்ந்த சட்டக வீதங்களில் தோன்றும் பிறழ்வுகளைத் திருத்தும் அமைப்பும் இதில் உள்ளது. இது இயங்க எக்ஸ்என்விஎஸ்இ என்னும் நிரல் விரிவாக்கி தேவை. இரண்டையும் ஒரே நேரத்தில் நிறுவக் கூடாது.

நினைவக வரம்பை விரிக்க 4 கிகாபைட்டு ஒட்டு எனப்படும் சிறு நிரல் உள்ளது. இது இயங்கு கோப்பின் தலைப்பகுதியில் ஒரு குறியை மாற்றுகிறது. அதனால் 64-பிட்டு விண்டோசில் 4 கிகாபைட்டு வரை முகவரி வெளி கிடைக்கிறது. மாற்றும் முன் மூலக் கோப்பைப் படியெடுத்து வைத்தல் நலம்.

அமைப்புக் கோப்பில் 'ஐஎஃப்பிஎஸ்கிளாம்ப்' என்னும் மதிப்பை 60 ஆக்குமாறு கூறும் பழைய அறிவுரை இன்றும் உலவுகிறது. இம்மாற்றத்தால் விளையாட்டு நேரத்தை அளப்பதையே விட்டுவிட்டு, ஒவ்வொரு சட்டகமும் நொடியில் 60-இல் ஒரு பங்கு என்று எடுத்துக்கொள்கிறது. 60 சட்டகங்கள் தவறாமல் வரும் வரை உதறல் மறையும். வீதம் 40 ஆகக் குறைந்தால் உலகம் மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் ஊரும். 120 ஆக உயர்ந்தால் இருமடங்கு வேகத்தில் ஓடும். இதை நோய்க்கு மருந்து என்பதைவிட ஒரு நோயை மற்றொன்றாக மாற்றுவது என்பதே பொருந்தும்.

தொடர்புடைய விளையாட்டுகள்

இதே பொறியைக் கொண்ட ஃபால்அவுட் 3 (2008) விளையாட்டிலும் இக்குறை உண்டு. எல்டர் ஸ்குரோல்ஸ் IV: ஒப்ளிவியன் (2006) விளையாட்டிற்கும் ஆர்வலர்கள் முன்னரே திக்கல் நீக்கி ஒன்றை உருவாக்கியிருந்தனர். இதற்கு நேர்மாறான சிக்கல் 1980களில் காணப்பட்டது. 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கிய ஐபிஎம் கணினிக்காக எழுதப்பட்ட சில விளையாட்டுகள், செயலியின் வேகத்தையே கடிகாரமாகக் கொண்டிருந்தமையால் புதிய கணினிகளில் ஆட முடியாத விரைவில் ஓடின. அவற்றிற்காகவே அக்காலக் கணினிப் பெட்டிகளில் செயலியின் வேகத்தைக் குறைக்கும் பொத்தான் வைக்கப்பட்டது. வேகத்தைக் குறைக்க உதவிய அதற்கு டர்போ என்று பெயர்.