ஆடாதவர்கள்

ஒரு பெயர் எத்தனை பேரின் சாவை மறைத்துவிடும் என்பதை நான் ஒரு மலையுச்சியிலே கண்டேன்.

தென் மெக்சிக்கோவில் வஹாக்கா நகரிலிருந்து வளைந்து வளைந்து ஏறிய பஸ் எங்களை இறக்கிவிட்டபோது, வெயில் இன்னும் சுடத் தொடங்கவில்லை. பள்ளத்தாக்கிலிருந்து ஏறக்குறைய 400 மீற்றர் உயரத்தில், மலைமுடியைச் சமப்படுத்தி எழுப்பிய நகரம் மொன்தே அல்பான். கி.மு. 500 அளவில் சப்போத்தேக் மக்கள் இதனை நிறுவினர். கி.பி. 800ஐ அடுத்து இது படிப்படியாக ஆளற்றுப் போயிற்று.

பெருமுற்றத்தின் நீளம் சுமார் 300 மீற்றர். நாற்புறமும் அகன்ற படிவரிசைகள். இங்குதான் 1932இல் அல்போன்சோ காசோ ஏழாம் கல்லறையைத் திறந்து, பிற்காலத்தில் மிஸ்தேக் மக்கள் வைத்த பொன்னணிகளைக் கண்டெடுத்தார். ஆனால், என் கால்கள் பொன்னின் கதையோடு நிற்கவில்லை. தென்மேற்குப் பக்கத்துக் கற்பலகைகளை நாடிச் சென்றன.

கைகால்கள் வளைந்த ஆடையற்ற மனித உருவங்கள். முன்னாளில் பார்த்தவர்கள் இவற்றுக்கு 'தான்சாந்தேஸ்', அதாவது நடனக்காரர், என்று பெயரிட்டார்கள். தூரத்தில் நின்ற எனக்கும் அது நடனமாகவே தோன்றியது. அருகே போனேன். கண்கள் மூடியிருந்தன. வாய் பிளந்து கிடந்தது. சில உருவங்களின் தொடையிடையே பூவேலை போலச் சுருண்டிருந்தது, அறுபட்ட உறுப்பிலிருந்து வழியும் குருதி.

இவர்கள் கொல்லப்பட்ட போர்க்கைதிகள் என்பதே இன்று ஆய்வாளர் பலரின் முடிவு. இத்தகைய கற்கள் 300க்கும் மேல் கிடைத்துள்ளன. சிலவற்றில் எழுத்துக் குறிகளும் உண்டு. அவை இறந்தவர்களின் பெயர்களாகலாம் என்கிறார்கள். ஆயின், அந்த எழுத்து இன்னும் முழுமையாக வாசிக்கப்படவில்லை.

கொன்றவன் வெற்றிப் பெருமைக்காகவேனும் பெயரைக் கல்லிலே வெட்டிவைத்தான். இரசிக்க வந்தவர்களோ அவர்களை ஆடவைத்தார்கள். என் கண்ணும் முதலில் அதைத்தானே செய்தது?

மாலையில் நகரச் சந்தையிலே இரண்டு பெண்கள் சப்போத்தேக் மொழியிலே ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். இலட்சக்கணக்கானோர் இன்றும் பேசும் மொழி அது. ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. அவர்கள் எதற்காகச் சிரித்தார்கள் என்று ஊகிக்க இம்முறை நான் முற்படவில்லை.