அருகில் வந்த முத்தம்

1896 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூஜெர்சியில், எடிசன் நிறுவனத்தின் 'பிளாக் மரியா' படப்பிடிப்புக் கூடத்தில் மே இர்வினும் ஜான் ரைஸும் காமிராவுக்கு முன் அமர்ந்தார்கள். 'தி விடோ ஜோன்ஸ்' என்ற நகைச்சுவை நாடகத்தின் முத்தக் காட்சியை அவர்கள் நடித்துக்காட்ட, வில்லியம் ஹைஸ் படமாக்கினார். மொத்தம் 20 நொடி ஓடும். அதிலும் பெரும்பகுதி பேச்சுதான். கன்னத்தோடு கன்னம் உரச இருவரும் ஏதோ பேசிக்கொண்டே இருக்கிறார்கள்; ரைஸ் சற்று விலகி மீசையை நீவி ஒதுக்கிக்கொள்கிறார்; அதற்கப்புறம்தான் முத்தம். திரையின் முதல் முத்தம் இதுதான் என்பார்கள். அதைக் கண்டு ஊரே கொதித்தது என்றும் கூடவே சொல்வார்கள். அந்த இரண்டாவது பேச்சு எனக்கு ஒப்பவில்லை. இதே முத்தத்தை இதே இருவரும் 1895-லிருந்தே நியூயார்க் மேடையில் கொடுத்து வந்தார்கள். படத்தை எடுக்க ஏற்பாடு செய்ததே ஒரு நாளிதழ். எடிசன் நிறுவனத்துக்கு அந்த ஆண்டு பெரிய வரவேற்பைத் தந்த படங்களில் இதுவும் ஒன்று. சிலரைப் பதறவைத்தது முத்தமல்ல. அது வந்து நின்ற தூரம்.

எதிர்ப்பு இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது. சிகாகோவின் 'தி சாப்-புக்' இதழில் ஹெர்பர்ட் ஸ்டோன் காரசாரமாக எழுதினார். போலீஸ் தலையிட வேண்டிய விஷயம் என்றுகூடச் சொன்னார். ஆனால் அவர் எதைக் குறை கூறுகிறார் என்று பார்க்க வேண்டும். மேடையில் ஆள் அளவில் பார்த்தபோதே அது அருவருப்பு என்கிறார். ஆனாலும் அந்த அளவில் அவர் போலீஸைக் கூப்பிடவில்லை. பூதாகரமாகப் பெருகி, திரும்பத் திரும்ப ஓடியபோதுதான் கூப்பிடுகிறார். நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைக்காரருக்கு நடிகையின் முகம் கட்டைவிரல் நகம் அளவுதான். 1894-இல் எடிசன் ஆட்கள் பிரெட் ஆட் என்பவரின் தும்மலையும் இப்படி நெருக்கத்தில் எடுத்தவர்கள்தான். ஆனால் கினெட்டோஸ்கோப் பெட்டிக்குள் துளை வழியாக ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்த காலம் அது. இந்த முத்தம் திரையில் வந்தபோதோ மார்புக்கு மேல் இரண்டே முகங்கள், கொட்டகை முழுவதற்கும் ஒரே சமயத்தில். நாலணா இருக்கைக்காரரும் காதலர்களுக்கு எதிரே உட்காரவைக்கப்பட்டார். அத்தனை பக்கத்தில் அந்நியர் முகத்தைப் பார்ப்பது அதுவரை எந்தக் கூட்டத்துக்கும் வாய்க்காத அனுபவம்.

இந்த நெருக்கத்தின் பயனை இங்கிலாந்தில் ஜார்ஜ் ஆல்பர்ட் ஸ்மித் கண்டுகொண்டார். ரயில் எஞ்சின் முகப்பிலிருந்து எடுத்த பயணப் படங்கள் அப்போது பிரபலம். 1899-இல் அவர், தம் மனைவி லாரா பெய்லியுடன் தாமே நடித்து, ரயில் பெட்டிக்குள் நடக்கும் ஒரு முத்தத்தை எடுத்தார். அந்தப் பயணப் படங்களில் எஞ்சின் சுரங்கப்பாதைக்குள் நுழையும் இடத்தில் அதை ஒட்டிக்கொள்ள வேண்டும். வெளியிலிருந்து உள்ளே, மறுபடி வெளியே: படத்தொகுப்பின் ஆரம்பப் பாடங்களில் ஒன்றுக்கு முத்தமே காரணமாயிற்று.

தூரம் ஒன்றே எல்லாவற்றையும் விளக்கிவிடாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 1898-இல் சிகாகோவில் வில்லியம் செலிக் எடுத்த 'சம்திங் குட்' படத்தில் செயின்ட் சட்டில், கெர்ட்டி பிரவுன் என்ற கறுப்பினக் கலைஞர்கள் முத்தமிடுகிறார்கள். இங்கே காமிரா அவ்வளவு நெருங்கவில்லை. முத்தமிடுபவர் யார் என்பதே முக்கியம். கறுப்பினத்தவரை மேடையில் முகத்தில் கரி பூசிய வெள்ளையர்கள் கேலிப்பொருளாக்கிக்கொண்டிருந்த காலம். இந்த இருவரோ கோர்த்த கையை விடாமல் ஆட்டி, பின்னால் சாய்ந்து வாய்விட்டுச் சிரித்து, மறுபடியும் நெருங்குகிறார்கள்.